ஹாலிஃபாக்ஸ் பிரபுவின் பேய்க்கதை நூல்
இங்கிலாந்தின் இரண்டாம் ஹாலிஃபாக்ஸ் பிரபு சார்லஸ் வுட் (1839–1934), பேய் உலவும் வீடுகளைப் பற்றித் தாம் கேட்டறிந்தவற்றையும் பிறர் எழுதியனுப்பியவற்றையும் தம் கைப்படக் குறித்துவைத்த ஏட்டிலிருந்து உருவாகி, அவர் மறைந்தபின் 1936-இல் வெளியான தொகுப்பு இது. யார்க்ஷயரில் உள்ள ஹிக்கிள்டன் மாளிகையில், கிறிஸ்துமஸ் போன்ற நாள்களில், குழந்தைகள் உறங்கப்போகுமுன் அவர் இந்த ஏட்டைத் திறந்து உரக்க வாசிப்பது வழக்கம் என்பதை, நூலின் முன்னுரையில் அவருடைய மகன் நினைவுகூர்கிறார்; அம்மகனே இர்வின் பிரபு என்ற பெயரில் 1926 முதல் 1931 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்து காந்தியடிகளுடன் ஒப்பந்தம் செய்துகொண்டவர். ஸ்காட்லாந்தின் கிளாமிஸ் கோட்டையில் ஒளிந்துள்ளதாகக் கூறப்படும் இரகசிய அறை பற்றிய கதை இதில் புகழ்பெற்றது. இலக்கிய அலங்காரமின்றி, சாட்சியம்போல நேரடியாகச் சொல்லும் நடையே இக்கதைகளின் அச்சத்துக்கு ஊற்று.