சேலத்து வெள்ளைக்கல்லும் புளோரைடு நீக்கமும்

சேலம் நகருக்கு வடமேற்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில், வெள்ளை வெளேரென்று தெரியும் மேட்டுநிலத்துக்கு ஆங்கிலேயர் 'சாக் ஹில்ஸ்' என்று பெயரிட்டனர். பெயரில்தான் சாக் இருக்கிறது. அங்கு வெட்டி எடுக்கப்படுவது மக்னசைட் எனும் மக்னீசியம் கார்பனேட்டுக் கனிமம். உள்ளூர் மக்களுக்கு அது வெள்ளைக்கல். சூளையில் சுட்டால் கரியமில வாயு நீங்கி, மக்னீசியா எஞ்சும். உருக்காலை உலைகளின் உட்சுவர்ச் செங்கல்லுக்காகவே இக்கல் பெரிதும் வெட்டப்பட்டது. நீரில் கரைந்துள்ள புளோரைடைத் தன் பரப்பில் கவர்ந்து பிடித்துவைக்கும் குணமும் மக்னீசியாவுக்கு உண்டு.

இக்குணம் தேவைப்படும் ஊர்கள் தொலைவில் இல்லை. சேலம், நாமக்கல் சமவெளியும் அதன் வடக்கே தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளும் ஒரு காலத்தில் ஒரே சேலம் மாவட்டமாக இருந்தவை. 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் சேலத்திலிருந்து பிரிந்தன. மழை குறைந்த இந்நிலத்தின் அடியில் உள்ள பழமையான பாறைகளில் புளோரின் கலந்த கனிமங்கள் உள்ளன. ஆழ்துளைக் கிணற்று நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி வருவதால் அவை கரைந்து கலக்கின்றன. லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது இந்தியத் தர அளவு. வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை ஏற்கலாம். இதைத் தாண்டிய நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும், தேய்த்தாலும் போகாது. மிக அதிக அளவில் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகி முதுகு வளையும்.

இந்நோய் இந்தியாவில் முதலில் விரிவாகப் பதிவானதும் அன்றைய சென்னை மாகாணத்தில்தான். நெல்லூர் மாவட்டத்து நோயாளிகளைப் பற்றி ஷார்ட் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியோரும் 1937இல் எழுதினர். அதே பத்தாண்டில் அமெரிக்காவில் அலுமினா, மக்னீசியா போன்றவற்றால் புளோரைடை நீக்கும் சோதனைகள் நடந்தன.

அப்படியானால் சேலத்துக் கல்லே ஏன் தீர்வாகவில்லை? வெட்டியெடுத்த கல்லை அப்படியே நீரில் போட்டால் பெரும்பயன் இல்லை. அளவாகச் சுட வேண்டும். உலைச் செங்கல்லுக்குச் சுடுவதுபோல் மிகுந்த வெப்பத்தில் சுட்டால் அது நீரோடு வினைபுரியாமல் செத்துவிடும். சரியாகச் சுட்ட மக்னீசியா புளோரைடைப் பிடிக்கும்போது நீரைக் காரமாக்கிவிடுகிறது. பி.எச். 10ஐத் தாண்டிய நீர் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும். குடிநீருக்கு 8.5தான் உச்சம். இதைச் சரிசெய்யப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் சோடியம் பைசல்பேட் சேர்க்கும் வீட்டு முறையொன்றை வகுத்தனர். காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள், இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானுடன் மக்னீசியாவைச் சேர்த்த கலவையைச் சோதித்து 2009இல் வெளியிட்டனர். ஆய்வகத்தில் நன்றாகவே நடந்தவைதாம் இவை.

நாக்பூர் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் உருவாக்கிய நல்கொண்டா முறைக்குப் படிகாரமும் சுண்ணாம்பும் போதும். ஆனால் மிஞ்சும் சேற்றை எங்கே கொட்டுவது என்ற கேள்வி எழும். செறிவூட்டிய அலுமினா வடிகட்டியையோ அவ்வப்போது காரம், அமிலம் கொண்டு கழுவிப் புதுப்பிக்க வேண்டும். பொருள் மலிவு, பராமரிப்பு மலிவல்ல. ஊராட்சியில் அதைத் தினமும் கவனிக்க ஆள் இல்லாவிட்டால் வடிகட்டி இருந்தும் பழைய நீரே குழாயில் வரும்.

ஆகவே அரசு ஆற்றை நாடியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் தரும் ஒகேனக்கல் குடிநீர், புளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியோடு முடிந்து, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. நோயின் பெயரையே தலைப்பில் தாங்கிய குடிநீர்த் திட்டங்கள் அரிது.

இப்போது வேறொரு புளோரின் சேர்மக் குடும்பம் பேசப்படுகிறது. ஒட்டாத வாணலிப் பூச்சு, தீயணைப்பு நுரை போன்றவற்றின் தயாரிப்பில் இடம்பெற்ற, எளிதில் சிதையாத பி.எஃப்.ஏ.எஸ். வேதிப்பொருள்கள் அவை. அவற்றுள் ஒன்றான பி.எஃப்.ஓ.எஸ்., 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தது. அமெரிக்கா 2024இல் இதற்கு விதித்த குடிநீர் வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் 2,50,000இல் ஒரு பங்கு. பெயரில் புளோரின் இருப்பதால் வெள்ளைக்கல்லே இதையும் பிடிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. புளோரைடு ஒரு சிறு அயனி, மக்னீசியாவின் ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில் போய் அமர்ந்துவிடும். இவையோ நீரை வெறுக்கும் வால் கொண்ட நீள் மூலக்கூறுகள். இவற்றைப் பிடிக்கக் கிளர்வூட்டிய கரியும் அயனி மாற்றுப் பிசினும் இன்று பயன்படுகின்றன. மலிவான மாற்றாகக் கரிமச் சேர்மம் ஏற்றிய பென்டோனைட் களிமண்ணும் சோதிக்கப்படுகிறது.