மறுக்க முடிகிற அழைப்பு: சிராங்கூன் சாலையும் தமிழ்ச் சபைகளும்

1989 டிசம்பரில் சிங்கப்பூர் அரசு வெளியிட்ட சமய நல்லிணக்க வெள்ளை அறிக்கையின் பின்னிணைப்பில், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தொகுத்த சம்பவங்களிடையே லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையும் வருகிறது. 1986 ஆகஸ்டில் ஓர் இந்துக் கோயிலின் வாசலில், நடக்கவிருந்த கிறிஸ்தவக் கருத்தரங்கின் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டிருந்தன. சிராங்கூன் சாலைக் கோயில்களுக்குப் போகும் பக்தர்களிடம் துண்டுப்பிரசுரம் கொடுப்பதையும் இந்துக்கள் ஆட்சேபித்தார்கள். அறிக்கை இதைச் சமூகங்களுக்கிடையிலான உரசலாகப் பார்த்தது. அந்தப் பார்வை சரிதான், ஆனால் போதாது என்பது என் வாதம். சுவிசேஷ அழைப்பின் நியாயத்தை அளக்க, அழைக்கப்பட்டவர் ‘நான் வரவில்லை’ என்று சொல்லிவிட்டு எதையும் இழக்காமல் போக முடிந்ததா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் அந்தத் துண்டுப்பிரசுர விவகாரமே சற்று வேறு மாதிரித் தெரிகிறது. கோயில் வாசலில் பிரசுரம் நீட்டுவது நாகரிகமல்ல. ஆனாலும் அதை வாங்கிய பக்தர் கசக்கி எறிந்துவிட்டு அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போய்விடலாம், அவருக்கு நட்டமில்லை. சட்டம் கண்டுகொண்டது அவரைத்தான். 1990-இல் நிறைவேறி 1992-இல் நடப்புக்கு வந்த சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம், சமயக் குழுக்களிடையே பகை மூட்டுவோர்மீது தடையாணை பிறப்பிக்க அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. 2019-இல் அது திருத்தப்படும்வரை ஓர் ஆணைகூடப் பிறப்பிக்கப்படவில்லை. சட்டம் இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது போலும்.

சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சமயத்தைப் பரப்பும் உரிமையை வெளிப்படையாகவே தருகிறது. இந்தியாவின் 25-ஆம் பிரிவும் தருகிறது. ஆனால் 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று சொல்லி, மத்தியப் பிரதேச, ஒடிசா மதமாற்றத் தடைச் சட்டங்களை நிலைநிறுத்தியது. தமிழ்நாடு 2002-இல் கொண்டுவந்து பிறகு கைவிட்ட சட்டமும் அதே வழியில் வந்ததுதான். அழைப்பு நியாயமானதா என்ற கேள்வியை அந்தச் சட்டங்கள் போலீசாரிடம் ஒப்படைத்தன. அது பெரும் தவறு. இருந்தாலும் ஆசை காட்டி அழைப்பது என்ற சிக்கலை அவை பெயர் சொல்லிச் சுட்டின. சிங்கப்பூர்ச் சட்டம் அந்தப் பக்கமே போகவில்லை.

போகாததற்கு வரலாற்றில் காரணம் உண்டு. இங்குள்ள தமிழ்ச் சபைகள் பெரும்பாலும் மதமாற்றத்தால் அல்ல, குடிபெயர்வால் வளர்ந்தவை என்றே நான் கருதுகிறேன். ஓஃபிர் சாலையில் 1888-இல் எழுந்த லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே கட்டப்பட்டது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் படித்து, எழுத்தராகவும் ஆசிரியராகவும் மலாயாவுக்கு வந்தவர்களில் பலர் கப்பலேறும்போதே கிறிஸ்தவர்கள். அந்த நாளில் ‘சபைக்கு வாருங்கள்’ என்பது பெரும்பாலும் ஊர்க்காரரை ஊர்க்காரர் தேடிப் பிடிப்பதுதான். இன்றும் நிலைமை அதிகம் மாறவில்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசி இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் 12.8 விழுக்காடு; 2020-இல் 12.6. வருவோரும் போவோரும் இந்த எண்களுக்குள் கலந்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் எழுப்புதல் மேடைகளில் முழங்கப்படும் பேரறுவடையை இவற்றில் காணோம்.

காணாமல் போனவர்கள் வேறு சிலரும் உண்டு. இந்தக் கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே சேர்த்தது. வேலை அனுமதியில் வந்து தங்கும் விடுதிகளில் இருக்கும் தமிழ்நாட்டு இளைஞர்கள் அதில் இல்லை. இன்று அழைப்பு அதிகம் தேடிப் போவது அவர்களைத்தான். ஞாயிற்றுக்கிழமை விடுதி வாசலில் சபை வேன் நிற்கும். ‘வாங்க தம்பி, ஆராதனை முடிஞ்சு சாப்பாடு இருக்கு’ என்பார் சபை ஊழியர். பாட்டு, சாட்சி, செய்தி, ஜெபம், அதற்குப் பிறகு பிரியாணிப் பொட்டலம். இந்த வரிசையைத்தான் ஆய்வாளர் கவனிக்க வேண்டும். பொட்டலம் முதலில் கைக்கு வந்து, பிறகு ஆராதனை தொடங்கினால் கூட்டம் எவ்வளவு இருக்கும்? இந்தச் சோதனைக்குத் துணியும் சபையின் அழைப்பை நான் சந்தேகிக்க மாட்டேன்.

எதிர்வாதம் ஒன்றுக்கு வலு உண்டு. வளர்ந்த ஆண்பிள்ளைக்குத் தன் மனம் தெரியாதா? காலையில் கைதட்டிப் பாடிவிட்டு, மாலையில் வீரமாகாளியம்மன் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு வருகிறவரை யாரும் ஏமாற்றிவிடவில்லை. அவருக்கு வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது. பசித்தால் டவ்னர் சாலை சீக்கியக் கோயிலின் இலவச உணவுக்கூடமான லங்கரில் உட்காரலாம். அங்கே யாரும் மதம் கேட்பதில்லை. வேறு வாசல்கள் திறந்திருக்கும்வரை ஒரு வாசலில் நின்று அழைப்பது குற்றமல்ல.

வேலையிடத்தில் காயம்பட்டு, முதலாளியோடு வழக்காகி, சிறப்பு அனுமதிச் சீட்டில் மாதக்கணக்கில் காத்திருப்பவரின் கதை வேறு. அவர் வேலை பார்க்கக் கூடாது. ஊருக்கும் போக முடியாது. இத்தகையோருக்காகவே வெளிநாட்டுத் தொழிலாளர் நல அமைப்பான டிடபிள்யூசி2 2008-இல் கஃப் ரோடு உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பிரசங்கம் கிடையாது. 2006-இல் கிறிஸ்தவர்கள் தொடங்கிய ஹெல்த்சர்வ் மருந்தகமும் மதம் பாராமல்தான் சிகிச்சை தருகிறது. ஆகவே ‘சேவையையும் சாட்சியையும் பிரிக்கவே முடியாது’ என்று சில போதகர்கள் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. காயம்பட்டவரை மருத்துவமனைக்கும் மனிதவள அமைச்சுக்கும் கூட்டிப் போகிறவரே ஞானஸ்நானத்துக்கும் அழைத்தால், அழைக்கப்பட்டவரால் எப்படி மறுக்க முடியும்? அந்த இரண்டு வேலைகளையும் வேறு வேறு ஆட்கள் பார்க்கட்டும். வழக்கு முடிந்து, இழப்பீட்டுப் பணம் கைக்கு வந்த பிறகும் அவர் தாமாகவே சபைக்கு வருவாரென்றால், ஞானஸ்நானத்தைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம்.