வன்னியும் டிரான்சிஸ்டர் ஒலிபெருக்கியும்

தன் குரலைத் தொலைவுக்கு எட்டச் செய்யவேண்டும் என்பது மனிதனின் பழைய விருப்பம். வன்னிப் பெருநிலத்தில் அவ்விருப்பத்தை நெடுங்காலம் நிறைவேற்றியது கூத்தரின் மிடறேயாகும். முள்ளியவளை முதலிய ஊர்களில் ஆடப்பெற்ற கோவலன் கூத்தில், களரியைச் சூழ்ந்திருந்தோர் அனைவருக்கும் கேட்கப் பாடுவது கூத்தரின் கடமையாயிருந்தது. அக்காலத்தில் குரலுக்குத் துணை மத்தளமும் தாளமும் பக்கப்பாட்டுமே.

இயந்திரத்தால் ஒலியைப் பெருக்கும் வழி வால்வினால் பிறந்தது. 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் மூன்று முனைகள் கொண்ட வால்வை அமைத்தார். 1925இல் கொழும்பில் வானொலி தொடங்கியபோது ஒலிபரப்பு முழுவதும் வால்வின் துணைகொண்டே நடந்தது. ஆயினும் வால்வு பெருந்தீனிக்காரன். அதன் இழையை முதலில் சூடாக்கவேண்டும். பின்னர் நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தமும் கொடுக்கவேண்டும். மின்கம்பி எட்டாத குடியேற்றக் கிராமங்களில் இதற்கு எங்கே போவது? கார் பற்றரியையோ மின்பிறப்பாக்கியையோ நாடவேண்டியிருந்தது. இரணைமடுக் குளத்து நீரால் கிளிநொச்சி வயல்கள் செழித்த காலத்திலும், இருள் கவிந்தபின் அங்குள்ள பல வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

இந்நிலையை மாற்றியது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீன், பிராட்டெய்ன் என்னும் இருவர் அதனை இயங்கச் செய்தனர். அவர்களுக்கும் ஷாக்லிக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. சூடாக்கும் இழை இதற்குத் தேவையில்லை. சில டார்ச் பற்றரிகளே இதற்குப் போதும். 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிரான்சிஸ்டர் வானொலி, காலப்போக்கில் உலகின் வயல்வெளிகளுக்கெல்லாம் சென்று சேர்ந்தது.

இசைக்கருவிகளின் பெருக்கிகளும் அவ்வழியே சென்றன. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப் பாடல்கள் ஈழத்து மேடைகளில் ஒலித்த காலத்தில் கிட்டார் முன்வரிசைக்கு வந்தது. வால்வுப் பெருக்கியைத் தன் எல்லைக்கு மேல் உந்தினால் ஒலி மெல்லக் கலங்கி, ஒருவகை இனிய முரட்டுத்தன்மை பெறும். டிரான்சிஸ்டரோ எல்லைக்குள் தெளிந்த நீர்போல் ஒலிக்கும். எல்லை கடந்தால் கரகரவென்று வெட்டுப்படும். ஆகவே தெளிவான நாதம் விரும்புவோர் டிரான்சிஸ்டரை நாடினர். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1975இல் வெளியிட்ட ஜாஸ் கோரஸ் 120 இதற்குச் சிறந்த சான்று. அதன் இரு 12 அங்குல ஒலிபெருக்கிகளுள் ஒன்றில் நேரான ஒலியும், மற்றதில் சிறிது தாமதித்து அலைவுறும் ஒலியும் எழ, ஒரு கிட்டார் பல கிட்டார்களாய் விரியும்.

வன்னியில் இத்தெளிவைவிடப் பெரிதாய் நின்றது சிக்கனம். 1990இலிருந்து போரின் பொருளாதாரத் தடையால் மின்கலங்கள் அருகின. அப்போது மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து பெற்ற மின்சாரத்தால் வானொலியில் செய்தி கேட்டனர். கணக்கைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். சைக்கிள் டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ட், 3 வாட். ஈ.எல். 84 என்னும் ஒரேயொரு வால்வின் இழையைச் சூடாக்குவதற்கே 4.8 வாட் வேண்டும். சிறு டிரான்சிஸ்டர் வானொலிக்கோ ஒரு வாட்டுக்கும் குறைவே போதும். டைனமோ தரும் மாறலோட்டத்தை டயோட்டால் நேராக்கி, கண்டென்சரால் அலைவு தணித்தால் வானொலி பேசும். ஒருவர் சுற்ற, அயலார் சூழ்ந்திருந்து கேட்டனர். வால்வுக் காலமாயிருப்பின் அச்செய்தி அவர்களை எட்டியிராது.

2009இல் போர் முடிந்தபின் மின்சாரம் படிப்படியாக ஊர்களை அடைந்தது. இன்று வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ பழைய டிரான்சிஸ்டர் பெருக்கி ஒன்றை வாங்க விரும்பும் இளைஞர் நான்கு செய்திகளை மனத்திற்கொள்ளவேண்டும். முதலாவது, மின்னழுத்தம். ஜப்பானில் 100 வோல்ட்டும் அமெரிக்காவில் 120 வோல்ட்டும் வழக்கு. இலங்கையின் 230 வோல்ட்டில் அந்நாட்டுப் பெருக்கியை நேரே பொருத்தினால் அது எரிந்துபோகும். இரண்டாவது, கண்டென்சர். வெப்பமும் முதுமையும் அதை உலர்த்திவிடும். கிட்டாரைத் தொடாதபோதும் எழும் ‘உம்’ என்ற இரைச்சல் அதன் அறிகுறியாகலாம். மூன்றாவது, திருகுகள். திருப்பும்போது கரகரத்தால் தூசி படிந்திருக்கும். சுத்தம் செய்வதே பெரும்பாலும் போதும். நான்காவது, எதிரொலிக்கென உள்ளே தொங்கும் கம்பிச்சுருள். பெட்டியை மெல்லத் தட்டினால் இடிபோல் ஒலிக்குமாயின் அது உயிரோடிருக்கிறது எனக் கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, முழு ஓசையில் வைத்து ஒரு மணிநேரம் வாசித்துப் பார்ப்பதே சோதனை. பழுதுபட்ட டிரான்சிஸ்டர் தொடக்கத்தில் சரியாயிருந்து, சூடேறியபின் தன் குணத்தைக் காட்டுவதுண்டு. வெப்பம் மிகுந்த வன்னியில் இச்சோதனை மிகத் தேவையானது. பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் காதுக்கு ஒரு மணிநேரம் கொடுப்பவன் பின்னர் வருந்தமாட்டான்.

குறைந்த ஆற்றலைக்கொண்டு நிறைந்த பணி செய்வதே டிரான்சிஸ்டரின் இயல்பு. இல்லாமை மிகுந்த காலத்தில் வன்னி மக்கள் அதனைக் கைவிடாது பேணியதற்கும், அது அவர்களைக் கைவிடாது பேசியதற்கும் அவ்வியல்பே காரணமாயிற்று.