நாலு பக்கம் போதாது, நாலு மூலை வேண்டும்!



ஒன்பதாம் வகுப்பில் கிராஃப் தாளில் நாலு புள்ளி வைத்து, வரிசையாக இணைத்து, வருவது சதுரமா, சாய்சதுரமா, சரிவகமா என்று எழுதியது ஞாபகம் இருக்கிறதா? "இதெல்லாம் எங்கே உதவப் போகுது" என்று அப்போது புலம்பியவர்களில் நானும் ஒருவன். எங்கள் பெரணமல்லூரில் பட்டு நெய்கிற வீடுகளில் புட்டா, பார்டர் டிசைனைக் கட்டத்தாளில் வரைவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நாற்கரத்துக்கு வேலை வந்தது தறியில் இல்லை, எங்கள் தாத்தாவின் நிலத்தில்!

விஷயம் இதுதான். பழைய பத்திரத்தில் நாலெல்லையும் நாலு பக்க நீளமும் இருந்தன. சித்தப்பா எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்கினார். பட்டாவில் இருந்ததைவிட விடை அதிகமாக வந்தது. உடனே, "பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டுட்டார்" என்று சண்டை ஆரம்பம். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றே போனது. யார் செய்தது தப்பு என்று தேடப்போன நான் இரண்டாயிரம் வருஷக் கதையில் போய் விழுந்தேன்.

சித்தப்பா செய்த கணக்கு அவர் கண்டுபிடித்ததல்ல. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில் பொறித்த நிலக் கணக்குகளில் இதே வழிதான் இருக்கிறது. கி.பி. 628-ல் பிரம்மகுப்தரும் இதைச் சொல்கிறார், ஆனால் "தோராயமான பரப்பு" என்று. நுட்பமான பரப்புக்கு அவர் வேறு சூத்திரம் தருகிறார். அதுவும் நாலு மூலையும் ஒரே வட்டத்தில் அமைந்தால்தான் சரியாக வரும். 1150-ல் லீலாவதி எழுதிய பாஸ்கரர் இன்னும் கோபக்காரர். மூலைவிட்டத்தையோ வேறு அளவையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவன் பேய், பதில் சொல்பவன் அதைவிடப் பெரிய பேய் என்கிறார் :-)

ஏன் அவ்வளவு கோபம்? மூட்டு ஆடிப்போன கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கமாகச் சாய்த்தால் சட்டத்தின் நீளங்கள் மாறுவதில்லை, உள்ளே இருக்கும் இடம் குறைகிறது. அதாவது நாலு பக்கம் மட்டும் தெரிந்தால் ஒரு நாற்கரம் முடிவாகாது. மூலைகள் எங்கே என்று தெரிய வேண்டும்.

இதை நம் முன்னோர் நடைமுறையில் அறிந்திருந்தார்கள். 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளில், முதலாம் ராஜேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த செய்தி இருக்கிறது. ஒரு பெண் யானையை எல்லை நெடுகிலும் நடத்திச் சென்று, கல்லும் கள்ளியும் நட்டு எல்லையை உறுதி செய்தார்கள். எல்லைகளை எழுதும்போதும் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றி வருகிற ஒழுங்குதான் வழக்கம். ஆனால் கல் பெயர்ந்துவிட்டால்? மறுபடி எங்கே நடுவது என்று சொல்ல எண்கள் வேண்டும்.

அந்த எண்கள் ஆங்கிலேயர் கால நில அளவையில் வந்தன. சென்னை மாகாணத்தில் 1858-ல் நில அளவைக்கென்று தனித் துறை தொடங்கியது. கருவி, 1620-களில் இங்கிலாந்தில் குன்ட்டர் வடிவமைத்த 66 அடிச் சங்கிலி. அதில் 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், அதில் நூறில் ஒரு பங்குதான் நாம் சொல்லும் சென்ட்.

ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு புலப்படம் வரைந்தார்கள். நிலத்தின் குறுக்கே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஒரு நேர்கோடு. இதற்கு ஜி லைன் என்று பெயர். மற்ற மூலைகளுக்கு இரண்டே அளவுகள்: கோட்டின் வழியே எவ்வளவு தூரம், அங்கிருந்து செங்குத்தாக இடப்பக்கமோ வலப்பக்கமோ எவ்வளவு தூரம். யோசித்துப் பாருங்கள், இதுதானே நம் எக்ஸும் ஒய்யும்! டெகார்ட் 1637-ல் வடிவியலையும் இயற்கணிதத்தையும் இணைத்து எழுதியதை நாம் பாடமாகப் படித்தோம். நில அளவைக்காரர் அதே எண்ணத்தை வரப்பில் நின்று செய்திருக்கிறார்.

எங்கள் நிலத்தின் எண்களைக் கொஞ்சம் முழு எண்ணாக்கித் தருகிறேன், கிராஃப் தாளில் போட்டுப் பாருங்கள். அலகு மீட்டர்.

அ (0, 0)
ஆ (20, -15)
இ (50, 0)
ஈ (30, 25)

அ-விலிருந்து இ வரை 50 மீட்டர், அதுதான் ஜி லைன். அதற்கு ஒரு பக்கம் 15 மீட்டரில் ஆ, மறுபக்கம் 25 மீட்டரில் ஈ. இரண்டு முக்கோணங்கள். பரப்பு 50 × (15 + 25) ÷ 2 = 1,000 சதுர மீட்டர். அதாவது 10 ஏர், சுமார் 24.7 சென்ட். பட்டாவில் இருந்ததும் இதுவே.

இப்போது சித்தப்பா வழி. பக்கங்கள் 25, 33.54, 32.02, 39.05. விடை சுமார் 1,035. பிரம்மகுப்தரின் நுட்பமான சூத்திரத்திலும் 1,025 வருகிறது, ஏனென்றால் இந்த நாலு மூலையும் ஒரே வட்டத்தில் இல்லை. சித்தப்பா வழியில் இன்னொரு வேடிக்கை: செவ்வகத்துக்கு மட்டும் சரியான விடை, மற்ற எந்த நாற்கரத்துக்கும் அதிகமாகத்தான் வரும், குறைவாக வரவே வராது. அந்த 35 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 375 சதுர அடி, எங்கள் நிலத்தில் எப்போதுமே இருந்ததில்லை. இல்லாத மண்ணுக்காகத்தான் இரண்டு வீட்டுக்காரரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள்.

புலப்படத்தை வைத்து அளந்தபோது நாலு கல்லும் அதனதன் இடத்திலேயே இருந்தன. கிராஃப் தாளில் போட்டுக் காட்டியதும் சித்தப்பா ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒன்று. மேலே உள்ள புள்ளிகளை அ, ஆ, ஈ, இ என்று வரிசை மாற்றி இணைத்துப் பாருங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், நிலம் காணாமல் போகும். "புள்ளிகளை வரிசையாக இணைக்கவும்" என்று கேள்வித்தாளில் ஏன் போடுகிறார்கள் என்று இப்போது புரிகிறது. எல்லையைச் சுற்றி வந்த அந்தப் பழையனூர் யானை இந்தத் தப்பைச் செய்யவே முடியாது!