உடற்பயிற்சியின்போது சிறுநீர்க் கசிவு: பெண்கள் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை

கோலார் தங்கவயல்: ஓடும்போதும், குதிக்கும்போதும், எடை தூக்கும்போதும் சில துளிகள் சிறுநீர் கசிவது பெண்களிடையே பரவலாகக் காணப்படும் பாதிப்பாகும். முறையான தசைப் பயிற்சியால் பெருமளவு சரிசெய்யக்கூடிய இதனை வெளியில் சொல்லத் தயங்கிப் பலர் நடைப்பயிற்சியையே நிறுத்திவிடுகின்றனர். சர்க்கரை நோய்க்காகவோ இரத்த அழுத்தத்திற்காகவோ நடக்கத் தொடங்கிய ஒருவருக்கு, கசிவைக் காட்டிலும் அந்த நிறுத்தமே பெரிய இழப்பாகும்.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் போன்ற ஊர்களில் இத்தயக்கத்துடன் வேறு சில இடர்களும் சேர்ந்துகொள்கின்றன. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு சுரங்கப் பணியைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம் உள்ளிட்ட பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் குடியேறின. அவர்களுக்காகக் கட்டப்பட்ட லைன் வீடுகள் பலவற்றில் தனிக் கழிப்பறை இல்லை. பொதுக் கழிப்பறையே வழக்கமாக இருந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டதிலிருந்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் சென்று திரும்புவது பலருடைய வாழ்க்கையாகிவிட்டது. குடத்தில் தண்ணீர் சுமப்பதும், கழிப்பறை கிடைக்குமா என்று கணக்கிட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் இந்தப் பாதிப்பை மேலும் மோசமாக்கக்கூடியவை.

மருத்துவ நூல்களின் தமிழாக்கங்களில் இதற்குச் ‘சிறுநீர் அடக்க இயலாமை’ என்ற சொற்றொடர் காணப்படுகிறது. ஏதோ பெண்ணின் மன உறுதியில் குறை இருப்பது போன்ற தொனி அதில் ஒலிப்பதால், இக்கட்டுரையில் ‘கசிவு’ என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது. நடப்பதும் அதுதான்.

ஏன் கசிகிறது?

இடுப்பெலும்பின் அடிப்பகுதியில், முன்னே பூப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை ஊஞ்சல் போல் விரிந்திருக்கும் தசைகள் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. இருமினாலோ குதித்தாலோ வயிற்றினுள் அழுத்தம் திடீரென உயர்கிறது. அந்த நொடியில் இத்தசைகள் இறுகிச் சிறுநீர்க் குழாயை மூட வேண்டும். தசை தளர்ந்திருந்தாலோ, இறுகத் தாமதித்தாலோ சிறுநீர் கசிகிறது. பிரசவம், மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் ஹார்மோன் குறைவு, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், உடற்பருமன் ஆகியவை முக்கியக் காரணங்களாகும்.

இது குழந்தை பெற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும் மட்டுமே வருவதன்று. அமெரிக்காவில் 1994இல் வெளியான ஆய்வொன்றில், குழந்தை பெறாத கல்லூரி விளையாட்டு வீராங்கனைகளில் 28 சதவீதத்தினர் விளையாடும்போது கசிவு ஏற்படுவதாகத் தெரிவித்தனர். அவர்களின் சராசரி வயது 20 மட்டுமே. ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகளிடம் இது மூன்றில் இரண்டு பங்காக இருந்தது. கோல்ஃப் ஆடியவர்களில் ஒருவர்கூட இல்லை. குதித்து இறங்கும் அதிர்ச்சியே இங்கு முதன்மைக் காரணம் என்பதை இந்த வேறுபாடு உணர்த்துகிறது.

கழிப்பறையை அடைவதற்குள் அடக்க முடியாத அவசரம் தோன்றிக் கசிவது வேறு வகையைச் சேர்ந்தது. அது சிறுநீர்ப்பை தானாகவே சுருங்குவதால் ஏற்படுகிறது. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

தசைப் பயிற்சி

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் விவரித்த இடுப்புத்தளத் தசைப் பயிற்சியே இன்றும் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுகிறது. காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், அழுத்தத்தால் கசிவு ஏற்படும் பெண்களில் இப்பயிற்சியை மேற்கொண்டோரில் 56 சதவீதத்தினர் குணமடைந்ததாகக் கூறினர். பயிற்சி மேற்கொள்ளாதவர்களிடம் அது 6 சதவீதமாக மட்டுமே இருந்தது. செலவில்லாத, பக்கவிளைவு அரிதான ஒரு சிகிச்சைக்கு இது அசாதாரணமான பலனாகும்.

சரியான தசையைக் கண்டறிவதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். வாயு வெளியேறாமல் தடுப்பது போலவும், அதே நேரத்தில் சிறுநீரை நிறுத்துவது போலவும் உள்ளிழுத்து மேலே தூக்க வேண்டும். பிட்டமோ தொடையோ இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. கீழ்நோக்கி முக்கவே கூடாது. முக்கினால் பயன் நேர்மாறாகிவிடும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதை ஒருமுறை தசையை அறிந்துகொள்ளச் செய்யலாமே தவிர, பழக்கமாக்கக் கூடாது. சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாமல் போக அது காரணமாகலாம்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல்படி, ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை வீதம் நாளொன்றுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதங்கள் இப்பயிற்சியைச் செய்ய வேண்டும். தொடக்கத்தில் 3 நொடி இறுக்கிப் பிடித்தால் போதும். படிப்படியாக 8 முதல் 10 நொடி வரை நீட்டிக்கலாம். ஒவ்வொரு முறையும் அதே அளவு நேரம் முழுமையாகத் தளர்த்துவது அவசியம். நின்றபடியோ, ரயிலில் அமர்ந்தபடியோ செய்யலாம். அருகில் இருப்பவருக்குத் தெரியாது. இரண்டாவது வாரத்தில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுவோரே அதிகம். தசை வலுப்பெற அந்தக் கால அளவு போதாது.

வலுவுடன் காலமும் முக்கியம். இருமுவதற்கும், குடத்தைத் தூக்குவதற்கும், படியில் குதித்து இறங்குவதற்கும் சற்று முன்பாகவே தசையை இறுக்கிக்கொள்ளும் பழக்கம், பயிற்சி முழுப் பலன் தரும் முன்னரே கசிவைக் குறைக்கிறது. எடை தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளிவிட வேண்டும்.

இடுப்பிலும் பிறப்புறுப்பிலும் தொடர் வலி உள்ளவர்களுக்கும், உடலுறவின்போது வலி உணர்பவர்களுக்கும் இத்தசைகள் தளராமல் ஏற்கெனவே இறுகியிருக்கக்கூடும். அவர்கள் இயன்முறை மருத்துவரைக் காணாமல் இப்பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

அதுவரை என்ன செய்வது?

கயிறு தாண்டுதல், குதித்தல் போன்றவற்றைச் சில வாரங்கள் தள்ளிவைத்து வேகநடை, மிதிவண்டி, நீச்சல் ஆகியவற்றைத் தொடரலாம். தண்ணீரைக் குறைப்பது தீர்வன்று. அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி அவசர உணர்வைக் கூட்டுவதுடன், மலச்சிக்கலுக்கும் வழிவகுக்கும். ஒரே மூச்சில் குடிக்காமல் நாள் முழுவதும் பகிர்ந்து குடிப்பதும், தேநீர், காபியைக் குறைப்பதும் உதவும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அரைமணிக்கொரு முறை கழிப்பறைக்குச் செல்லும் பழக்கம் சிறுநீர்ப்பையின் தாங்குதிறனைக் குறைத்துவிடும். பயிற்சிக்கு முன் ஒருமுறை சென்றால் போதும்.

மாதவிடாய் நாப்கினையே பலர் இதற்கும் பயன்படுத்துகின்றனர். திடீரென வெளியேறும் சிறுநீரை அது விரைவாக உறிஞ்சாது. சருமம் ஈரமாகவே இருந்து புண்ணாகலாம். சிறுநீர்க் கசிவுக்கெனத் தயாரிக்கப்படும் பேடுகள் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன.

உடற்பருமன் உள்ளோருக்கு எடைக் குறைப்பும் சிகிச்சையே. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 6 மாதங்களில் சராசரியாக 8 சதவீத எடை குறைந்த பெண்களுக்கு வாராந்தரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. நடைப்பயிற்சியை நிறுத்தக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

3 மாதப் பயிற்சிக்குப் பின்னும் பலனில்லையெனில், பிறப்புறுப்பினுள் பொருத்தும் பெசரி வளையமும், சிறுநீர்க் குழாய்க்குத் தாங்குபட்டை அமைக்கும் அறுவைச் சிகிச்சையும் உள்ளன. இனிக் குழந்தை பெறும் எண்ணம் உள்ளவர்களுக்கு அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைக்குமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது.

சிறுநீரில் இரத்தம், எரிச்சலுடன் காய்ச்சல், பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி நிற்பது போன்ற உணர்வு ஆகியவை இருந்தால் பயிற்சியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. கடினமான பிரசவத்திற்கோ கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கோ பின் இரவு பகலாக ஓயாமல் கசிந்தால், அது சிறுநீர்ப்பையில் ஏற்பட்ட துளையாக இருக்கலாம். அதைத் தசைப் பயிற்சி சரிசெய்யாது. தொடையிடுக்கில் திடீர் மரத்துப்போதல், கால் பலவீனம், சிறுநீர் வெளியேறாமை ஆகியவை சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றவர்கள் மகப்பேறு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ அணுகலாம். செல்வதற்கு முன் 3 நாட்களுக்கு, எப்போது எவ்வளவு குடித்தோம், எத்தனை முறை சிறுநீர் கழித்தோம், என்ன செய்யும்போது கசிந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்வது நல்லது. வாய்விட்டுச் சொல்லக் கூசுவோர் அந்தத் தாளை மருத்துவரிடம் நீட்டினாலே போதும்.