கதவடைத்தவரின் காலைக் கடிதங்கள்

விடியலில் எவரோடும் பேசாமல் சிறிது நேரம் தனித்திருக்க விரும்புவோரை, ‘ஒட்டாத மனிதர்’ என்று உலகம் எளிதாகச் சொல்லிவிடுகிறது. உளவியலறிஞர் யுங் 1921இல் வெளியிட்ட நூலில் இவ்வியல்பை ‘அகமுகம்’ என வகுத்தார். மனம் தன்னுள் நோக்கிச் செல்லும் போக்கு அது. மனித வெறுப்பு அன்று. இவ்வேறுபாட்டை விளக்க நம் புதுச்சேரியிலேயே ஒரு சான்றுண்டு.

1910 ஏப்ரல் 4ஆம் நாள் அரவிந்தர் பிரெஞ்சுப் புதுச்சேரியை அடைந்தார். தொடக்க ஆண்டுகளில் பாரதியாரும் வ.வே.சு. ஐயரும் அவர் இல்லம் சென்று அளவளாவினர். 1926 நவம்பர் 24க்குப் பின் அவர் தனியறைக்குள் ஒதுங்கினார். ஆசிரமப் பொறுப்பை அன்னை ஏற்றார். ஆண்டில் சில தரிசன நாள்களில் மட்டும் அன்பர்கள் அவரைக் கண்டனர், அப்போதும் பேச்சில்லை. அவர் விலகியது யோகத்தின் பொருட்டு. அதனை வெறும் கூச்சமென நாம் கொள்ளலாகாது.

எனினும் உறவு அறுபடவில்லை. 1930களில் சீடர்கள் தம் ஐயங்களைக் கடிதங்களிலும் குறிப்பேடுகளிலும் எழுதி அனுப்பினர். இரவெல்லாம் விழித்திருந்து அரவிந்தர் விடையெழுதினார். காலையில் நளினிகாந்த குப்தர் அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பித்தார். ஒவ்வொருவரும் தமக்குரிய விடையைத் தனியே படித்தனர். எடின்பரோவில் மருத்துவம் பயின்ற நிரோத்பரன் யோகம், கவிதை, நோயாளிகளின் நிலை என எல்லாவற்றையும் கேட்டார். நகைச்சுவை ததும்பும் விடைகளும் வந்தன. நேரில் கேட்க நாவெழாத மனத்தளர்ச்சியையும் தாளில் எழுத முடிந்தது.

ஆனால் இந்த அமைதிக்கு விலையுண்டு. சீடர்களின் காலை நிறைய, ஒருவர் தம் இரவைக் கொடுத்தார். அன்னையும் நளினியும் தம் உழைப்பைக் கொடுத்தனர். தனிமை என்பது தனியொருவர் ஆக்கிக்கொள்ளும் பொருளன்று என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1938 நவம்பரில் அரவிந்தர் இடறி விழுந்து தொடையெலும்பு முறிந்தது. கடிதப் போக்குவரத்து பெரும்பாலும் நின்றது. அதுவரை எழுத்தால் உறவாடிய நிரோத்பரன், பணிவிடை செய்பவராக அவ்வறைக்குள் நுழைந்தார்; பின்னர் ‘சாவித்திரி’ காவியத்தை அவர் சொல்ல எழுதும் கையாகவும் ஆனார். 1950 டிசம்பர் 5இல் அரவிந்தர் மறையும்வரை அப்பணி தொடர்ந்தது.

காலைப்பொழுதில் பேச்சைத் தவிர்ப்பவரைக் குறைகூறுமுன், அவர் வேறு எவ்வழியில் நம்மோடு பேசுகிறார் என்று பார்ப்பது நலம். இரவில் எழுதிய நான்கு வரி அவரிடமிருந்து வந்திருக்கக்கூடும்.