வயலும் மடைப்பள்ளியும்

பட்டணத்துப் பெரிய ஹோட்டல்களில் இப்போது ஒரு புது மோஸ்தர் வந்திருக்கிறது. உணவுப் பட்டியலில் பண்டத்தின் பெயருக்குக் கீழே, கத்தரிக்காய் எந்த ஊர்த் தோட்டத்தில் பறித்தது, அரிசி எந்த ஆற்றுப் பாசனத்தில் விளைந்தது என்றெல்லாம் அச்சடித்து வைக்கிறார்கள். மது அருந்துகிறவர்களுக்கு உள்ளூர்ப் பழச்சாறு கலந்த பானம் தனியாக உண்டு. 1971-ல் அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற அம்மாள் திறந்த 'ஷே பனீஸ்' என்னும் போஜனசாலையை இந்த வழக்கத்துக்கு முன்னோடி என்று சொல்வார்கள்.

திருச்சிராப்பள்ளிக்காரர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் சிரிக்கலாம். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மூன்று பக்கமும் வயலும் வாழைத் தோட்டமும் சூழ்ந்த தீவிலே, ஆயிரம் ஆண்டுக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்துக்கொண்டு ஒரு சமையலறை நடந்து வருகிறது. ஸ்ரீரங்கம் கோவிலின் மடைப்பள்ளியைத்தான் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கம் கோவிலில் அறுநூறுக்கு மேற்பட்ட கல்வெட்டுக்கள் இருக்கின்றன. 1982-ல் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் 24-வது தொகுதியாக அவற்றை அச்சிட்டார்கள். படிக்கிறவர்கள் போரையும் பட்டாபிஷேகத்தையும் தேடிக்கொண்டு போவார்கள். ஆனால் அந்தக் கல்லில் மெய்க்கீர்த்தி முடிந்தவுடன் பெரும்பாலும் வருகிறவை நிலமும் நெல்லும் நெய்யுந்தான். முதற் குலோத்துங்க சோழனின் 18-வது ஆட்சியாண்டில், அதாவது 1088-ஐ ஒட்டி, ஒருவர் சில காசுகளை முதலாக வைத்திருக்கிறார். எதற்கு? குலசேகராழ்வாரின் பாசுரத்தைப் பெருமாள் செவிசாய்த்துக் கேட்கும் திருவிழா இரவில் நூறு அப்பம் அமுது செய்விப்பதற்கு! அந்த மனிதர் போய்ச் சுமார் 940 வருஷமாகிறது. அப்பத்தின் எண்ணிக்கை இன்னும் அழியாமல் இருக்கிறது.

கல்வெட்டில் அரிசியும் பருப்பும் வெறும் பண்டமாக வருவதில்லை. நெய்யமுது, பருப்பமுது, தயிரமுது, அடைக்காயமுது என்று எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் 'அமுது' ஒட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்கும் வைஷ்ணவர் வீட்டில் ரசம் சாற்றமுதாகவும் பாயசம் திருக்கண்ணமுதாகவும் இருப்பதை வாசகர்கள் கேட்டிருப்பீர்கள்.

அந்தக் காலத்துக் கணக்குப் பிள்ளைகள் எவ்வளவு துல்லியம் என்பதற்குத் தஞ்சாவூர்ப் பெரிய கோவிலில் நல்ல உதாரணம் ஒன்று உண்டு. ராஜராஜன் அங்கே பிள்ளையாருக்குத் தினம் 150 வாழைப்பழம் அமுது செய்விக்க நினைத்தான். 360 காசை ஊர்க் கடைத்தெரு வியாபாரிகளிடம் கொடுத்து வைத்தான். காசுக்கு அரைக்கால் காசு வருஷ வட்டி. ஆக வட்டி 45 காசு. காசுக்கு 1,200 பழம் வீதம் 54,000 பழம். வருஷத்துக்கு 360 நாள் என்று வைத்து வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 150 பழம் சரியாக வரும். முதல் அப்படியே இருக்கும். வாழை மரம் வருஷா வருஷம் குலை தள்ளும். முதலைத் தொடாமல் விளைச்சலை மட்டும் உண்பது குடியானவனின் நியாயம். அதே நியாயத்தைக் காசுக்கும் பொருத்தி வைத்தார்கள்.

கையில் சிறிது உள்ளவர்கள் காசு வைத்தார்கள். அரசரும் அதிகாரிகளும் நிலமே விட்டார்கள். அந்த நிலத்து நெல் வந்து சேர்ந்த களஞ்சியங்களை ஸ்ரீரங்கம் கோவிலுக்குள் இப்போதும் பார்க்கலாம். கொட்டாரம் என்று பெயர். நம் பாட்டிமார் வீட்டுக் குதிரை ராட்சத அளவுக்கு வளர்த்துவிட்டது போல வட்ட வட்டமாக நிற்கும் கட்டடங்கள். கொட்டாரத்து நெல் அரிசியாகி மடைப்பள்ளிக்குப் போகும். அங்கே தளிகைக்கு நாள்தோறும் புது மண்பானை. ஒரு முறை அடுப்பேறிய பானை மறுபடி ஏறுவதில்லை. ஆற்றங்கரைக் களிமண்ணுக்கும் அப்படி ஒரு பாக்கியம்.

மிளகாய்க்கு அந்த அடுக்களையில் இடமில்லை. அது போர்ச்சுகீசியரோடு கப்பலேறி அமெரிக்காவிலிருந்து வந்த பண்டம். உருளைக்கிழங்கும் தக்காளியும் அந்த ஜாதிதான். காரத்துக்கு மிளகு. நம் வீடுகளில் திவசச் சமையலில் 'இங்கிலீஷ் காய்' கூடாது என்று பாட்டி தடுப்பதும் இதே கட்டுப்பாட்டின் மிச்சந்தான். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். துலுக்க நாச்சியார் என்று ஒரு முஸ்லிம் ராஜகுமாரி பெருமாளிடம் காதல் கொண்டாள் என்பது ஸ்தல வரலாறு. அவளுக்காகக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் தளிகையில் சேர்ந்துவிட்டன! காவேரிக் கரையில் விளையாத கோதுமை உள்ளே போய்விட்டது. இங்கேயே கொல்லையில் காய்க்கிற மிளகாய் வெளியே நிற்கிறது.

மிளகு மட்டும் உள்ளூரா என்று கேட்பீர்கள். இல்லை; அது மலைநாட்டுச் சரக்கு. உப்பு கடற்கரையிலிருந்து வந்தது. 'உள்ளூர் உணவு' என்று அந்தக் காலத்தார் கொள்கை எதுவும் வகுத்துக்கொள்ளவில்லை. மாட்டு வண்டி போய் வரும் தூரம்தான் அவர்களுக்கு எல்லை. இன்று நாம் ஆசையாக வாங்கும் வெள்ளைப் பொன்னி அரிசிக்குக் காவேரியின் பெயர். அதன் பூர்வீகமோ மலேயாவின் 'மாசூரி' நெல். 1986-ல்தான் இங்கே வெளியிட்டார்கள்.

இவ்வளவு அழகான ஏற்பாட்டில் ஒரே ஓர் ஆளைக் காணோம். நாற்று நட்டவள், அறுத்தவன், களத்தில் போரடித்தவன். கொட்டாரத்து நெல்லில் பெரும் பகுதி, கோவில் வாசலைத் தாண்ட உரிமையில்லாதவர்களின் கையால் விளைந்தது. கல்வெட்டு நிலத்தின் நான்கெல்லையையும் சொல்லும். உழுத பண்ணையாளின் பெயரைச் சொல்லாது. நெல் உள்ளே போகும். அது சோறாகி, அமுதாகி, பிரசாதமாகி வரும்போது அவன் தெருக் கோடியில் நின்றான். பழைய நாளைப் பற்றிப் பெருமை பேசும் நண்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. 1939-ல் மதுரையில் வைத்தியநாதய்யர் ஆலயப் பிரவேசம் நடத்தினார். 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் எல்லாருக்கும் கதவைத் திறந்தது. 1088-ல் அப்பத்துக்கு ஏற்பாடு செய்தவர்களுக்கு, இதைச் செய்ய இன்னும் 859 ஆண்டு வேண்டியிருந்தது!

வயலுக்கும் மடைப்பள்ளிக்கும் இருந்த நேர்த் தொடர்பு அதற்குள்ளேயே தளர்ந்துவிட்டது. 1801-ல் திருச்சி சீமை கும்பினியார் வசம் வந்தது. கோவில் நிலங்கள் பலவற்றைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் 'தஸ்திக்' என்று ரொக்கம் கொடுக்கலாயிற்று. நெல் விலை ஏறும், தஸ்திக் ஏறாது. தளிகையின் கதி என்ன ஆகும் என்பது எந்தக் குடும்பத் தலைவிக்கும் தெரியும். மிஞ்சிய நிலத்தில் குத்தகைக்காரர்களுக்கு 1956-ல் நியாயவாரச் சட்டம் வந்தது. கோவில் அதிகாரிகள் வருந்தியிருக்கலாம். உழுதவனுக்கு அது நல்ல செய்தி.

2012-ல் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் நாள் முழுவதும் அன்னதானம் என்ற திட்டம் ஏற்பட்டது. காலையிலிருந்து இரவு வரை வருகிறவர்களுக்கெல்லாம் சோறு. லால்குடிப் பக்கத்து நடவுக்காரியும் வந்து உட்காரலாம், பட்டணத்து ஹோட்டல் முதலாளியும் வந்து உட்காரலாம். பக்கத்துப் பக்கத்து இலை.